மக்காச்சோள மேஸுக்கு முதல் தடவை போறவங்களுக்கு: வழி தப்பினா என்ன பண்றது, அந்த நேரத்துல உங்கள எப்படி கவனிக்கிறது

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து குடும்பத்தோட செட்டில் ஆகுற நம்ம ஆளுங்க ஈஸ்டர் லீவு நெருங்கும்போது கேக்குற கேள்வி, பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தான். மால், ஜூ எல்லாம் ஒரு ரவுண்டு முடிஞ்சிருக்கும். அப்ப யாராவது மக்காச்சோள மேஸ் பத்தி சொல்லுவாங்க. ஆளு உயரத்துக்கு மேல வளந்து நிக்கிற சோளக்காட்டுக்குள்ள வழி வெட்டி விட்ருப்பாங்க, பல வழி எங்கயும் போகாம முடிஞ்சிரும், நீங்களே சுத்தி அலைஞ்சு வெளிய வரணும், அவ்ளோதான் விளையாட்டு. நான் மூணு தடவை போயிருக்கேன், முதல் தடவை ரொம்ப மோசமா வழி தப்பினேன், அந்த ரெண்டு மணி நேரத்துல என்னப் பத்தி எனக்குத் தெரிஞ்ச விஷயம் வேற எங்கயும் தெரிய வந்ததில்ல. அதனால தான் இத கொஞ்சம் விவரமா எழுதறேன், வழி கண்டுபிடிக்கிறதுக்கும் சேத்து, உங்கள நீங்க பாத்துக்கிறதுக்கும் சேத்து.

முதல்ல இது என்னன்னு ரெண்டு வரி. சோளக்காட்டுல மேஸ் வெட்டுறது பழைய வழக்கம் இல்ல, அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஆன்வில்ங்கிற ஊர்ல 1993ல டான் ஃபிரான்ட்ஸ், ஏட்ரியன் ஃபிஷர்னு ரெண்டு பேர் சேந்து போட்டதுல இருந்து தான் இது உலகம் பூரா பரவுச்சு. வேலிச் செடிய வளத்து வெட்டி உருவாக்குற நிரந்தர மேஸ் வேற, தென்னாப்பிரிக்காவுல ஜார்ஜ் ஊர் பக்கம் ரெட்பெர்ரி ஃபார்ம்ல அப்படி ஒண்ணு இருக்கு, கார்டன் ரூட் டூர் போறவங்க எட்டிப் பாக்கலாம். சோள மேஸ் அப்படி இல்ல, ஒரு வெள்ளாமைக்கு ஒரு மேஸ், அறுத்தா போச்சு. இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் விதைப்பாங்க, பயிர் முழங்கால் உயரம் வர்றதுக்குள்ளயே பாதை வர்ற இடத்துல செடிய எடுத்துருவாங்க, பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் நல்லா பச்சையா சுவர் மாதிரி நிக்கும்.

இங்க யாரும் கார்ன்னு சொல்றதில்ல, மீலின்னு தான் சொல்றாங்க. ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்க, இந்திய வம்சாவளிக்காரங்க அதிகமா இருக்குற லெனேசியாவுல இருக்குற நம்ம பழைய தமிழ்க் குடும்பங்கள்லயும் மீலி தான். 1860ல ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து சேந்ததுக்கு அப்புறம் கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பல் கப்பலா வந்தவங்களோட பேரன் பேத்திங்க. மாரியம்மனுக்கு ஆடில ஊத்துற கூழக்கூட இங்க பல வீட்ல மீலி மாவுல தான் காய்ச்சுறாங்க. நான் வழி தப்பின அந்த முதல் தடவை எங்க கூட வந்ததும் லெனேசியாக்காரங்க ஒருத்தங்க தான், அறுபது தாண்டின அக்கா, என் மனைவிக்கு கோயில்ல பழக்கம்.

போறதுக்கு முன்னாடி

முழுக்கை சட்டை போடுங்க. சோளத்தோகை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், ஊர்ல காட்டு வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், கையில மெல்லிசா கீறி விட்ரும், வேர்வை பட்டதும் எரியும். ஷூ மூடினதா இருக்கணும், செருப்பு வேண்டாம், வேர் தரைக்கு மேல விரல் மாதிரி புடைச்சுகிட்டு நிக்கும், பிள்ளைங்க தடுக்கி விழும். தொப்பி கட்டாயம், ஜோஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து குளுகுளுன்னு இருக்கும் ஆனா வெயில் தோல உரிச்சிரும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. உள்ள காத்தே வராது, அதுல ஏமாந்துறாதீங்க.

காலைல போங்க. இந்தப் பக்கம் மழை சீசன்ல மத்தியானம் மூணு மணிக்கு மேல திடீர்னு இடி மின்னலோட வரும், திறந்த காட்டுல மின்னலுக்கு நிக்கிறது விளையாட்டு இல்ல. தூரத்துல இடிச் சத்தம் கேட்டாலே மேஸ முடிக்கணும்ங்கிற எண்ணத்த விட்டுட்டு வெளிய வந்து காருக்குள்ள உக்காருங்க, இதுல மட்டும் யோசிக்கவே யோசிக்காதீங்க.

டிக்கெட் வாங்கும்போது பண்ணைக்காரங்க கிட்ட மூணு கேள்வி கேளுங்க: காடு எத்தன ஏக்கர், உள்ள உசரமான மேடையோ பாலமோ இருக்கா, மாட்டிகிட்டா யார எப்படிக் கூப்பிடணும். ஏக்கர் ஏன் கேக்கச் சொல்றேன்னா, நாலு ஏக்கர்ன்னு சொன்னாங்கன்னா அது சதுரமா இருந்தா ஒரு பக்கம் வெறும் 130 மீட்டர் கிட்ட தான். நம்ம தெருவுல இருந்து மெயின் ரோடு தூரம். உள்ள மாட்டிகிட்டு பயம் நெஞ்ச அடைக்கும்போது இந்த ஒரு கணக்கு ரொம்ப உதவும், எந்தப் பக்கம் நேரா போனாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல காடு முடிஞ்சிரும்னு மனசு நம்பணும். அதுக்காக செடிய தள்ளிகிட்டு குறுக்க போகாதீங்க, அது அவங்க பயிரு, தோகை கண்ணுல வேற அடிக்கும். உண்மையான அவசரம்னா மட்டும் தான் அது.

ஃபோன்ல சார்ஜ் இருக்கட்டும், மொபைல்ல இருந்து அவசரத்துக்கு 112. மேப் பாத்து வந்துரலாம்னு நினைக்காதீங்க, சாட்டிலைட் படம் பழசு, இந்த வருஷ மேஸ் அதுல இருக்காது. ஆனா கார் நிக்கிற எடத்துல ஒரு பின் குத்தி வைங்க, எந்தத் திசைன்னாவது தெரியும்.

கேட்டுல நிக்கும்போது

இங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க, எல்லாரும் இதத்தான் விட்டுட்டு உள்ள ஓடுவாங்க. கேட் எந்தத் திசைல இருக்கு, வெயில் எந்தப் பக்கம், மணி என்ன, மூணையும் வாய் விட்டு சொல்லுங்க. அப்புறம் ஒரு விஷயத்த நீங்க மட்டும் மனசுல குறிச்சுக்கோங்க: யாரும் கேக்காமலே முன்னாடி போய் நின்னது யாரு? உங்க வீட்ல வழக்கமா முடிவெடுக்குறது யாருன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சிரும். எங்க வீட்ல அது நான்.

நான் பெரம்பலூர்க்காரன். தமிழ்நாட்டுல மக்காச்சோளம்னா பெரம்பலூர் தான். பத்து வயசுல இருந்து சோளக்காட்டுல தண்ணி பாய்ச்சிருக்கேன், தட்டை அறுத்திருக்கேன், பன்னி வராம ராத்திரி காவல் இருந்திருக்கேன். அதனால உள்ள நுழையும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா நம்ம ஊர் காட்டுல வரப்பு இருக்கும், வாய்க்கா இருக்கும், விதைச்ச வரிசைய பாத்தாலே எந்தப் பக்கம்னு சொல்லிரலாம். மேஸ் போடுறவங்க வரிசை தெரியக்கூடாதுன்னே குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தடவை விதைக்கிறாங்க, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி அடர்த்தி. நான் சின்ன வயசுல இருந்து கத்துகிட்ட அடையாளம் ஒண்ணு கூட அங்க இல்ல, அது இல்லங்கிறதயே நான் ரொம்ப நேரம் கவனிக்கல.

வழி கண்டுபிடிக்க ரெண்டு முறை

முதல் முறை சுலபம். நுழைஞ்ச உடனே வலது கைய வலது பக்கச் சுவர் மேல வைங்க, கடைசி வரைக்கும் எடுக்காம அந்தச் சுவரோடயே போங்க. முட்டுச்சந்து வந்தா அதயும் சுத்திகிட்டு வாங்க. உள்ளயும் வெளியவும் போற வாசல் ரெண்டும் வெளிச் சுவர்ல இருந்தா, லேட் ஆனாலும் வெளிய வந்துருவீங்க. இடது கைன்னாலும் சரி, நடுவுல மாத்தக் கூடாது. ஆனா இத உள்ள போய் வழி தப்பினதுக்கு அப்புறம் ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாம போகலாம், ஏன்னா நீங்க கை வச்சது நடுவுல தனியா நிக்கிற தீவா இருந்தா அதயே சுத்திகிட்டு இருப்பீங்க.

ரெண்டாவது முறை த்ரெமோன்னு 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எஞ்சினியர் ஒருத்தர் பேர்ல இருக்கு. பல வழி பிரியிற சந்தில ஒரு பாதைக்குள்ள நுழையும்போது அதோட வாய்ல குதிகாலால மண்ணுல ஒரு கோடு இழுங்க. ஒரு பாதை வழியா சந்திக்கு வந்து சேரும்போது அந்தப் பாதை வாய்லயும் ஒரு கோடு. கோடே இல்லாத பாதைய முதல்ல எடுங்க, இல்லன்னா ஒரு கோடு உள்ளத. ரெண்டு கோடு விழுந்த பாதைல இனி உங்களுக்கு வேலை இல்ல. புதுப் பாதைல போய் ஏற்கனவே கோடு போட்ட சந்திக்கே வந்து நின்னீங்கன்னா வந்த வழியே திரும்புங்க. கூட்டம் இருக்குற நாள்ல கோட்ட மிதிச்சு அழிச்சிருவாங்க, அப்ப அடையாளம் தான் துணை, ஒடிஞ்ச தட்டை, ரெட்டைக் கதிர், ஜூஸ் டப்பா, எதுவா இருந்தாலும். செடிய நீங்களா ஒடிக்காதீங்க. அடையாளம் பாக்குற வேலைய வீட்லயே சின்னப் பிள்ளை கிட்ட குடுங்க, அவங்க கண்ணு அந்த உயரத்துல தான் இருக்கு.

வழி தப்பினது தெரிஞ்சதும்

இங்க தான் நிதானமா படிங்க.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். மணி ஒண்ணு இருக்கும். கேட் தெற்குப் பக்கம்னு வரும்போதே பாத்து வச்சிருந்தேன். முக்கா மணி நேரம் சுத்தினதும் சரி திரும்பிரலாம்னு வெயில பாத்தேன். ஊர்ல வருஷத்துல பாதிக்கு மேல மத்தியான வெயில் தெற்குல சாஞ்சு தான் அடிக்கும், அது உடம்புலயே ஊறிப்போச்சு, வெயில் அடிக்கிற பக்கம் தெற்கு, அங்க தான் கேட்டுன்னு சூரியன பாத்து விறுவிறுன்னு நடந்தேன். ஆனா இது பூமியோட இந்தப் பக்கம். இங்க மத்தியானத்துல சூரியன் வடக்குல நிக்கும், நிழல் தெற்க விழும். நான் ஒவ்வொரு அடியும் கேட்டுக்கு எதிர்ப்பக்கமா எடுத்து வச்சுகிட்டு இருந்தேன்.

இதுல என்ன ரொம்ப உறுத்துச்சுன்னா, இது எனக்குத் தெரியாத விஷயமே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வாடகை வீடு தேடும்போது நார்த் ஃபேஸிங் வீடா பாருங்க, குளிர்காலத்துல அப்ப தான் உள்ள வெயில் வரும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படியே பாத்து தான் எடுத்தேன், அப்புறம் வந்த நாலு பேருக்கு நானே சொல்லியும் குடுத்தேன். வாய்க்குத் தெரிஞ்சது காலுக்குத் தெரியல. அவசரம் வந்ததும் பெரம்பலூர் கால் தான் நடந்துச்சு.

என் பொண்ணுக்கு பத்து வயசு. அவ ரெண்டு தடவை சொன்னா, அப்பா இந்த சாஞ்ச தட்டைய ஏற்கனவே பாத்தோம்பான்னு. ஒரு தட்டை நடுவுல மடங்கி, கதிரு கீழ தொங்கி, அதோட பட்டு நூல் காஞ்சு கருப்பா மண்ணுல பட்டுகிட்டு இருந்துச்சு, அதுல ஒரு சிவப்பு வண்டு. அவ வண்டு வரைக்கும் சொன்னா. நான் எல்லாத் தட்டையும் அப்படித்தாம்மா இருக்கும்னு சொல்லிட்டு இன்னும் வேகமா நடந்தேன். மூணாவது தடவை அதே தட்டை வந்தப்ப அவ ஒண்ணுமே சொல்லல. நானே பாத்தேன், அந்த வண்டு கூட அங்கயே இருந்துச்சு. அவ சொல்லாம நின்னது தான் எனக்கு வலிச்சுது.

அந்த அக்கா அந்த இடத்துலயே துண்ட விரிச்சு உக்காந்துட்டாங்க. "தம்பி, கால் மணி நேரம் நிக்கலாம், மீலி எங்கயும் ஓடாது"ன்னு சொல்லிட்டு பையில இருந்து நார்ச்சி எடுத்து உரிச்சாங்க. இங்க கமலா ஆரஞ்சுக்கு நார்ச்சின்னு தான் பேரு, நம்ம நாரத்தைங்கிற சொல்லு தான் ஆப்பிரிக்கான்ஸ்ல போய் அப்படி ஆயிடுச்சு. உக்காந்ததும் முதல்ல காதுக்கு கேட்டது ரோட்டு லாரிச் சத்தம். ரோடு கேட்டுப் பக்கம். சத்தம் என் முதுகுக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு. நடந்துகிட்டே இருந்த வரைக்கும் தோகை உரசுற சத்தத்துல அது எனக்குக் கேக்கவே இல்ல.

அதனால வழி தப்பினா செய்ய வேண்டியது இது: நில்லுங்க, முடிஞ்சா உக்காருங்க, தண்ணி குடிங்க, அஞ்சு நிமிஷம் யாரும் வழி பத்தி பேசக்கூடாது. அப்புறம் நிழல பாருங்க, மத்தியானத்துல நிழல் காட்டுறது தெற்கு. சத்தம் கேளுங்க, ரோடு, ஜெனரேட்டர், பிள்ளைங்க கூச்சல். அதுக்கு அப்புறம் குழுவுல சின்னவங்கள்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரும் கடைசியா பாத்த அடையாளத்த சொல்லணும். பெரியவங்க முதல்ல பேசினா சின்னவங்க வாய மூடிக்குவாங்க, நம்ம வீடுகள்ல அது தான் பழக்கம்.

நேரா தான் போறோம்னு நிச்சயமா தோணுறத நம்பாதீங்க. ஜெர்மனில மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல யான் சௌமன்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு இத சோதிச்சு 2009ல வெளியிட்டாங்க. ஆளுங்கள அடர்ந்த காட்டுலயும் சஹாரா பாலைவனத்துலயும் நேரா நடக்கச் சொன்னாங்க. சூரியனோ நிலாவோ தெரிஞ்ச வரைக்கும் ஓரளவு நேரா போனாங்க, மேகம் மூடினதும் தெரியாமலே வட்டமடிச்சு தங்களோட பாதையயே குறுக்க தாண்டிப் போனாங்க. கண்ண கட்டி விட்டப்ப சில பேரோட வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளயே முடிஞ்சிருச்சு. சின்னச் சின்னத் தப்பு சேந்துகிட்டே போகும், நேரா போறோம்ங்கிற உணர்வு மட்டும் மாறாது.

உங்கள கவனிக்கிறது

மேஸ்ல வழி தப்புறது எல்லாருக்கும் நடக்கும். தப்பினதும் அவங்கவங்க என்ன பண்றாங்கங்கிறது தான் ஆளுக்கு ஆள் மாறுது. நான் பாத்த வரைக்கும் சில பேர் வேகத்த கூட்டுவாங்க, சில பேர் கூட வந்தவங்கள குத்தம் சொல்லுவாங்க, சில பேர் சிரிச்சு மழுப்புவாங்க, சில பேர் எதுவும் பேசாம பின்னாடியே வருவாங்க. அபிமன்யு கதைய சொல்லும்போது உள்ள போகத் தெரிஞ்சுது வெளிய வரத் தெரியலன்னு சொல்லுவோம். எனக்கு அன்னைக்கு நின்னு கேக்கத் தெரியல. வேலையிலயும் நான் அப்படித்தான் இருந்திருக்கேன்னு அப்புறம் யோசிச்சப்ப தெரிஞ்சுது, ப்ராஜெக்ட்ல ஒரு விஷயம் சிக்கினதும் மீட்டிங்க குறைச்சு ஓட்டத்த கூட்டுவேன், ஜூனியர் பையன் ஏதாவது சொன்னா அப்புறம் பாக்கலாம்பேன்.

உள்ள இருக்கும்போதே மூணு விஷயம் கவனிங்க. உங்க நடை வேகம் கூடிச்சுன்னா அது முதல் அறிகுறி. "எனக்குத் தெரியும்"ன்னு எத்தன தடவை சொன்னீங்க. கடைசியா வேற ஒருத்தர் சொன்னத கேட்டு திரும்பினது எப்ப. இத பத்தி அங்கயே சண்டை போட வேண்டாம், மனசுல வச்சுக்கோங்க.

கூட யாராவது நிஜமாவே பயந்துட்டா, மூச்சு வாங்கினா, அழுதா, விளையாட்ட அத்தோட நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க. இதுல கௌரவம் பாக்காதீங்க.

வெளிய வந்ததும்

பிள்ளைங்களுக்கு முழங்கால் பின்பக்கம், காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம் உண்ணி ஒட்டிருக்கான்னு பாருங்க, இங்க டிக் பைட் ஃபீவர்னு ஒரு காய்ச்சல் வரும். அப்புறம் சாப்பிட்டுட்டு, கோவம் எல்லாம் இறங்கினதும், கார்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உள்ள இருக்கும்போது சொல்லணும்னு நினைச்சு சொல்லாம விட்டது என்ன?

நான் கேட்டேன். என் மனைவி ரோட்ட பாத்துகிட்டே சொன்னா, "நிழல் முன்னாடி விழாம பின்னாடி விழுதுன்னு நான் அப்பவே பாத்தேங்க. துணி காயப்போடுறதே நான் தானே, கொல்லைப்புறத்துல எந்தப் பக்கம் வெயில் வரும்னு எனக்குத் தெரியாதா. சொன்னா கோவப்படுவீங்கன்னு சொல்லல."

அந்த வீட்ட நார்த் ஃபேஸிங்னு பாத்து எடுத்தது நான், அந்த வெயில தினமும் பாத்து வாழ்ந்தது அவ. வீடு வர்ற வரைக்கும் எனக்கு பேச்சு வரல.

அடுத்த தடவை போகும்போது முறை வச்சுகிட்டோம், கால் மணி நேரத்துக்கு ஒருத்தர் முன்னாடி, முதல்ல அவ, அப்புறம் பொண்ணு, நான் கடைசி. நீங்களும் இப்படி பண்ணிப் பாருங்க, முன்னாடி போறவர் கேட்டா ஒழிய மத்தவங்க வழி சொல்லக்கூடாது, ஆனா அடையாளம் சொல்லலாம். பின்னாடி நடக்குறது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நாலு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அதுல ரெண்டு தடவை நான் நினைச்சது தப்பு. ஒரே முட்டுச்சந்துல மூணு தடவை போய் முட்டினோம், வெளிய வர ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு.

மே மாசம் தட்டை காஞ்சு வெளுத்துரும், தோகை உதிந்து சுவர்ல ஓட்டை விழுந்து அந்தப் பக்கம் தெரிய ஆரம்பிச்சிரும், அப்புறம் போய் பிரயோஜனம் இல்ல. போறதா இருந்தா ஈஸ்டர் லீவுக்குள்ள போயிட்டு வாங்க, தண்ணி பாட்டிலும் நாலு நார்ச்சியும் மறக்காம எடுத்துக்கோங்க.